மூன்று மோட்டார், ஒரே போர்டு: டிரைவ் போர்டின் அளவுகளை வாசிக்கும் முறை

வடசென்னையில் வியாசர்பாடி, மாதவரம், கொருக்குப்பேட்டை பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் கதவுக்குப் பூவேலை செதுக்கவும் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் வெட்டவும் ஓடும் சிஎன்சி ரவுட்டர்களின் (கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் மெஷின்கள்) மின்பெட்டியைத் திறந்தால் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, மோட்டாருக்கு ஒன்றாகத் தனித்தனி டிரைவ், அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தந்து ஓட்டும் சர்க்யூட். மற்றது, மூன்று நான்கு மோட்டார்களையும் சேர்த்து ஓட்டும் பல அச்சு டிரைவ் போர்டு (அச்சு என்பது எக்ஸ், ஒய், இசட் என்ற நகரும் திசை ஒவ்வொன்றும்). இரண்டாவதில் விலையும் வயரிங்கும் குறைவு, பெட்டியில் இடமும் மிச்சம். அதனால் மெஷினைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள்.

அந்த போர்டின் விவரக் குறிப்பில் "12 முதல் 36 வோல்ட், 3 ஆம்பியர், 1/16 மைக்ரோஸ்டெப்" என்று ஒரே வரி இருக்கும் (மைக்ரோஸ்டெப் என்பது மோட்டாரின் ஒரு ஸ்டெப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து நகர்த்துவது). பெரும்பாலும் அது போர்டின் மேல் இருக்கும் சிப்பின் அளவு. சிப்பைத் தனியாக, சூட்டை வெளியேற்றும் நல்ல ஹீட் சிங்க்கோடு, 25 டிகிரி அறையில் வைத்துச் சோதித்தால் கிடைக்கும் எல்லை. போர்டில் நிலைமை வேறு. மூன்று சிப்களுக்கும் பவர் லைன் ஒன்று, கிரவுண்ட் ஒன்று, ஹீட் சிங்க் ஒன்று. ஒரு அச்சில் நடப்பது மற்ற இரண்டையும் தொடும். அளவுகளை வாசிக்கும்போது இந்தப் பங்கீட்டை மறந்தால், காகிதத்தில் சரியாக இருக்கும் கணக்கு மெஷினில் புகையாக வரும்.

வோல்ட்: எல்லையை நெருங்கவே கூடாத எண்

முதலில் சிப்பின் பெயரை அறிய வேண்டும். டிபி6560 சிப் அதிகபட்சம் தாங்குவது 40 வோல்ட்; ஆனால் அதை ஓட்டச் சொல்லும் மேல் எல்லை 34 வோல்ட்தான். அந்தச் சிப்பை வைத்த நீல நிற மூன்று அச்சு போர்டுகளில் 36 வோல்ட் என்று போட்டிருந்தால், தயாரிப்பாளர் சொன்ன வரம்பையே அது தாண்டுகிறது. டிபி6600 ஓடும் வரம்பு 8 முதல் 42 வோல்ட், அதிகபட்சத் தாங்குதிறன் 50. சின்ன மாட்யூல்களில் ஏ4988 என்றால் 35, டிஆர்வி8825 என்றால் 45, டிஎம்சி2209 என்றால் 29 வோல்ட். டிபி6600 என்ற பெயரில் விற்கும் பெட்டிகள் சிலவற்றின் உள்ளே வேறு சிப் இருப்பதும் உண்டு. மூடியைக் கழற்றி சிப்பின் மேலுள்ள எழுத்தைப் படித்துவிடுவது நல்லது.

எல்லைக்குக் கீழே இடைவெளி விடுவதற்குக் காரணம் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்ன அடியாகச் சுழலும் மோட்டார்) ஜெனரேட்டராக வேலை செய்யும். மின்சாரம் இல்லாத மெஷினின் கேன்ட்ரியை (வெட்டும் தலையைச் சுமந்து நகரும் பாலம்) கையால் வேகமாகத் தள்ளினாலே போர்டிலுள்ள எல்இடி எரிவதைப் பார்க்கலாம். இப்படித் திரும்பி வரும் மின்சாரத்தை, 230 வோல்ட்டை டிசியாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்கிக்கொள்ளாது. அது பொதுப் பவர் லைனிலுள்ள கெப்பாசிட்டரில் போய்ச் சேரும். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 36 வோல்ட்டிலிருந்து 42 வோல்ட்டுக்கு ஏற 0.23 ஜூல் போதும். நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் ஓடும் 20 கிலோ கேன்ட்ரியில் இருக்கும் ஆற்றல் 0.4 ஜூல். சுழலும் ஸ்க்ரூவிலும் மோட்டாரின் ரோட்டரிலும் இருப்பது தனி. இதில் பெரும்பகுதி உராய்விலும் காயிலின் சூட்டிலும் கரைந்துவிடும். ஆனால் எக்ஸ், ஒய் இரண்டும் ஒரே கணத்தில் நிற்கும்போது மிச்சமெல்லாம் ஒரே லைனில் குவியும். தனித்தனி டிரைவிலும் ஒரே எஸ்எம்பிஎஸ் போட்டால் இதே நிலைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், போர்டில் பல சமயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

ஆகவே டிபி6560 போர்டுக்கு 24 வோல்ட், டிபி6600 போர்டுக்கு அதிகபட்சம் 36 வோல்ட் என்று நிறுத்திக்கொள்வதே சரி. போர்டின் பவர் டெர்மினலுக்கு அருகிலேயே 63 வோல்ட் தாங்கும் 2200 அல்லது 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பது மலிவான பாதுகாப்பு.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மரும் டயோடு பிரிட்ஜும் வைத்து சப்ளை கட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 30 வோல்ட் ஏசி வெளிவரும் டிரான்ஸ்பார்மர், டயோடு இழப்பு போக, சுமார் 41 வோல்ட் டிசி தரும். இரவில் அக்கம்பக்கத்து லோடு குறைந்து லைன் 230-லிருந்து 250 ஆனால் அதுவே 44 வோல்ட்டைத் தாண்டிவிடும். மோட்டார் ஓடாமல் நிற்கும்போது டிரான்ஸ்பார்மரின் வெளியீடு அதற்கும் மேலே போகும். பகலில் ஒழுங்காக ஓடிய டிபி6600 போர்டு ராத்திரி ஷிஃப்டில் எரிவதற்கு இது ஒன்றே போதும்.

"குறைந்த வோல்ட்டில் மோட்டார் இழுக்காதே" என்ற கேள்வி வரும். இழுக்கும், ஆனால் வேகத்தில் தளரும். காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைத் தடுக்கும் குணம்) 3 மில்லிஹென்றி, கரண்ட் 3 ஆம்பியர் என்றால், 24 வோல்ட்டில் கரண்ட் முழுசாக ஏற ஏறக்குறைய 0.38 மில்லிநொடி வேண்டும். 36 வோல்ட்டில் 0.25. நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைக்கும் நேரமே 0.3 மில்லிநொடி. 24 வோல்ட்டில் அந்த வேகத்தில் டார்க் (சுழற்றும் விசை) ஏன் விழுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். இதற்கு மருந்து வோல்ட்டை எல்லைக்கு ஏற்றுவதில் இல்லை. இண்டக்டன்ஸ் குறைந்த மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. 8 வயர் மோட்டார் என்றால் காயில்களை சீரிஸில் கட்டாமல் பேரலலில் கட்டினால் இண்டக்டன்ஸ் நாலில் ஒரு பங்காகும். ஒரு காயிலுக்கு 2 ஆம்பியர் என்று குறித்த மோட்டார் அப்போது 2.8 ஆம்பியர் கேட்கும், சீரிஸில் 1.4 போதும்.

ஆம்பியரும் சூடும்

மோட்டாரின் லேபிளில் இருப்பது பெரும்பாலும் ஆர்எம்எஸ் (சராசரி போன்ற பயனுறு மதிப்பு) கணக்கு, டிரைவில் இருப்பது பீக் (உச்ச மதிப்பு) கணக்கு. இரண்டுக்கும் இடையே 1.41 மடங்கு. டிபி6600 பெட்டியின் மேல் அச்சிட்ட அட்டவணையில் கரண்டுக்கு இரண்டு வரிசை இருப்பது இதனால்தான். கடைசி வரியில் கரண்ட் 3.5, பீக் 4.0 என்று இருக்கும்; இதில் 1.41 மடங்கு வராது, அந்த எண்கள் தோராயமே. பல அச்சு போர்டுகளில் எந்தக் கணக்கு என்றே எழுதியிருக்காது. எழுதாத இடத்தில் பீக் என்று எடுத்துக்கொள்வதே யதார்த்தம்.

அடுத்தது சூடு. டிபி6600 சிப்பின் உள்ளே மேல், கீழ் இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து சுமார் 0.4 ஓம். மைக்ரோஸ்டெப்பில் ஓடும்போது இரண்டு காயிலிலும் சேர்ந்து கரையும் சக்தி, பீக் கரண்டின் வர்க்கம் பெருக்கல் 0.4. அதாவது 4 ஆம்பியரில் 6.4 வாட். ஒரு சிப்புக்கு இது பெரிதில்லை. மூன்று சிப்பும் ஒரே அலுமினியப் பட்டையில் உட்கார்ந்தால் 19 வாட். வாட்டுக்கு 1.5 டிகிரி ஏறும் ஹீட் சிங்க் என்றால் சுற்றியுள்ள காற்றைவிட 29 டிகிரி கூடும். மே மாதத்தில் தகரக் கூரைப் பட்டறையில் வெளியே 40 டிகிரி, மூடிய பெட்டிக்குள் 50-க்கு மேல் என்றால் ஹீட் சிங்க் 80 டிகிரியைத் தொடும். சிப்பின் உள்சூடு அதைவிட அதிகம். சூடு ஏற ஏற அந்த 0.4 ஓமும் கூடிக்கொண்டே போகும்.

சிப்புக்குள் சூட்டுப் பாதுகாப்பு இருந்தாலும் அதை நம்பி ஓட்டுவது தவறு. அது வேலை செய்யும்போது மோட்டார் சில நொடி விடுபடும், ஆறியதும் மறுபடி பிடிக்கும். சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. கதவின் பாதிப் பூ ஒரு பக்கமாக நகர்ந்து செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியவரும். மதியத்தில் மட்டும் வேலை கெடுகிறது, காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஹீட் சிங்க்கின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்கும்போது பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 70 டிகிரிக்கு மேல் காட்டினால் கரண்டைக் குறையுங்கள், அல்லது ஃபேனைக் கூட்டுங்கள்.

சப்ளையின் ஆம்பியருக்கு மூன்று மோட்டார் கரண்டையும் அப்படியே கூட்ட வேண்டியதில்லை. சப்ளையை வேகமாக வெட்டி வெட்டிக் கரண்டைக் கட்டுப்படுத்தும் சாப்பர் வகை டிரைவ் என்பதால் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 3 ஆம்பியர் மோட்டார் மூன்று என்றால் 6 ஆம்பியர். 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம்.

வீரெஃப் வைப்பது

சொருகும் மாட்யூல் வகை போர்டுகளில் கரண்டை ஒரு குட்டி டிரிம்பாட்டை (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) திருகி வைக்க வேண்டும்; அதில் வரும் வோல்ட்தான் வீரெஃப். இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், காரணமும் எளிது. ஏ4988-க்குச் சூத்திரம்: வீரெஃப் வோல்ட் = 8 × கரண்ட் × சென்ஸ் ரெசிஸ்டர். கரண்டை அளக்க உதவும் அந்த ரெசிஸ்டர் எல்லா மாட்யூலிலும் ஒன்றல்ல. சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புத் துண்டுகள் இருக்கும்; லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆர்100, ஆர்068, ஆர்050 (அதாவது 0.1, 0.068, 0.05 ஓம்) என்று ஏதாவது ஒன்று தெரியும். 1 ஆம்பியர் வேண்டுமென்றால் ஆர்100-க்கு 0.8 வோல்ட், ஆர்068-க்கு 0.54, ஆர்050-க்கு 0.4. இணையத்தில் படித்த 0.8-ஐ ஆர்050 மாட்யூலில் வைத்தால் 2 ஆம்பியர் ஓடும். ஒட்டுகிற சின்ன ஹீட் சிங்க் அதைத் தாங்காது. டிஆர்வி8825-க்குச் சூத்திரமே வேறு, 8-க்குப் பதில் 5.

அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை டிரிம்பாட்டின் உலோகத் தலையில். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, கையை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். திருப்புவதற்கு பிளாஸ்டிக் அல்லது செராமிக் முனை நல்லது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் சிப் அந்தக் கணமே போய்விடும். ஏ4988-ஐக் கழற்றிய இடத்தில் டிஆர்வி8825-ஐச் சொருகும்போது டிரிம்பாட் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துச் சொருகக்கூடாது. இரண்டிலும் அது எதிரெதிர் முனையில் இருக்கும். பின் பெயர்களைப் படித்துத்தான் சொருக வேண்டும்.

பல்ஸ் பக்கம்

5 மி.மீ. பிட்ச் பால்ஸ்க்ரூ, 1.8 டிகிரி மோட்டார், 1/8 மைக்ரோஸ்டெப் என்றால் ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ் (மோட்டாரை ஒரு மைக்ரோஸ்டெப் நகர்த்தச் சொல்லும் மின்துடிப்பு), மில்லிமீட்டருக்கு 320. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்துக்கு நொடிக்கு 16,000 பல்ஸ் வேண்டும். அதே மெஷினை 1/32-க்கு மாற்றினால் 64,000. ஆர்டுயினோ யூனோ என்ற குட்டிக் கன்ட்ரோல் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர் தருவது சுமார் 30,000 வரைதான். மலிவு போர்டுகளில் பல்ஸ் வழியில் பிசி817 போன்ற மெதுவான ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளி வழியாகக் கடத்தி இரு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் சிப்) இருந்தால் அதுவும் இந்த வேகத்தில் திணறும். 6என்137 போன்ற வேகமானது இருந்தால் தொல்லையில்லை. 1/32-ஆல் நுணுக்கம் நான்கு மடங்காகும் என்ற நினைப்பும் தவறு. ஒரு மைக்ரோஸ்டெப் நகர்வுக்குக் கிடைக்கும் டார்க், 1/8-இல் முழு டார்க்கில் 20 சதவீதம், 1/32-இல் 5 சதவீதம். உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் அச்சு நகராது. மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 1/8 போதும். சத்தம் குறைய வேண்டுமென்றால் 1/16.

ஒரு கோளாறு பலரையும் அலைக்கழிக்கும்: வேலை ஓட ஓட ஒரு அச்சு மட்டும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போவது. கரண்டைக் கூட்டினாலும் வேகத்தைக் குறைத்தாலும் மாறாது. பெரும்பாலும் காரணம் பல்ஸின் போக்கு தலைகீழாக அமைந்திருப்பது. திசை மாறும் சமிக்ஞை நிலைபெறுவதற்கு முன்பே ஸ்டெப்பின் விளிம்பு வந்துவிடுவதால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மைக்ரோஸ்டெப் தவறான பக்கம் விழும். சோதிப்பது சுலபம். நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜை அச்சில் வைத்து, 10 மி.மீ. போய்வரும்படி 100 முறை ஓட்டிப் பழைய இடத்துக்கு வரச் செய்யுங்கள். சுற்றுக்கு ஒரு ஸ்டெப் போகிறதென்றால் மேலே சொன்ன மெஷினில் 100/320, அதாவது 0.31 மி.மீ. தள்ளி நிற்கும். சாஃப்ட்வேரில் ஸ்டெப் பின்னின் ஆக்டிவ் லோ (சமிக்ஞை கீழிறங்கும்போது இயங்கும்) அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும். அப்படியும் மிச்சம் இருந்தால் கப்ளிங்கின் திருகைப் பார்க்க வேண்டும்.

25 பின் பேரலல் கனெக்டர் கொண்ட போர்டுகளில் வெளியே போகும் கோடுகள் 12, உள்ளே வருபவை 5, பின் 18 முதல் 25 வரை கிரவுண்ட். ஆப்டோகப்ளர் இருப்பதாலேயே கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேபிளைக் கழற்றி, போர்டின் பின் 25-க்கும் பவர் டெர்மினலின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை பீப்பில் வைத்துப் பாருங்கள். கத்தினால் இரண்டு கிரவுண்டும் போர்டிலேயே இணைந்திருக்கின்றன; ஆப்டோகப்ளர் பெயருக்குத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட போர்டில் ஒரு சிப் உள்ளுக்குள் ஷார்ட்டாகி 36 வோல்ட் 5 வோல்ட் லைனுக்குள் நுழைந்தால் மற்ற இரண்டு சிப்பும், சில சமயம் கம்ப்யூட்டரின் போர்ட்டும் சேர்ந்தே போகும்.

கரண்ட் போய் வரும்போது

டிபி6560 சிப்புக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. 5 வோல்ட் முதலில் வர வேண்டும், மோட்டார் வோல்ட் பிறகு. வரிசை மாறினால் உள்ளிருக்கும் ஸ்விட்சுகள் நிலையில்லாமல் திறந்து சிப் எரியக்கூடும். கரண்ட் போய் மறுபடி வரும் தருணத்தில் இரண்டு சப்ளையில் எது முந்தும் என்பது அந்தந்த எஸ்எம்பிஎஸ்ஸின் குணத்தைப் பொறுத்தது. இதற்குச் சரியான வழி, மோட்டார் சப்ளையை ஸ்டார்ட் பட்டனோடு கூடிய காண்டாக்டர் (மின்காந்த ஸ்விட்ச்) வழியாகக் கொடுப்பது. கரண்ட் வந்ததும் 5 வோல்ட் தானாக வரும், மோட்டார் சப்ளை ஆள் வந்து பட்டனை அழுத்தினால்தான் வரும். மெஷின் தானாக அசையாது என்பதால் கைக்கும் பாதுகாப்பு. காண்டாக்டரை எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் பக்கம் போடுங்கள். டிசி பக்கம் போட்டால் கெப்பாசிட்டர் நிரம்பும்போது பாயும் கரண்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

மெக்கானிக்கல் அளவுகள்

விவரக் குறிப்பில் இந்தப் பகுதி இரண்டே வரியில் முடிந்துவிடும்: நீள அகலம், எம்3 துளைகள். ஆனால் கேட்க வேண்டியது நிறைய.

போர்டின் தடிமன் வழக்கமாக 1.6 மி.மீ., செம்பு 35 மைக்ரான். அந்தச் செம்பில் 10 டிகிரி மட்டும் சூடேற 3 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் தடம் 1.4 மி.மீ. அகலமும், 5 ஆம்பியருக்கு 2.8 மி.மீ. அகலமும் வேண்டும். மோட்டார் டெர்மினலுக்குப் போகும் தடத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். மூன்று மோட்டாரின் கரண்டும் சேர்ந்து ஓடும் பொது கிரவுண்ட் தடம்தான் இதில் முக்கியம். அது மெலிந்திருந்தால் மேலே ஈயம் ஊற்றித் தடிமனாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்று சிப்பையும் ஒரே பட்டையில் இறுக்கியிருக்கும் போர்டில் ஒரு சிப்பின் திருகை முதலில் முழுசாக முறுக்கினால் அடுத்த சிப்பின் முதுகு பட்டையை விட்டு முடி அளவு தூக்கிக்கொள்ளும். தெர்மல் பேஸ்டை மெலிதாகத் தடவி, எல்லாத் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குவதே முறை. போர்டை நிறுத்தி வைத்து ஹீட் சிங்க்கின் பற்கள் மேலும் கீழுமாக இருக்கும்படி மாட்டினால் சூடு தானாக மேலேறும். மேலும் கீழும் 50 மி.மீ. வெற்றிடம் வேண்டும். அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம். பின்புறம் நீட்டியிருக்கும் கால்கள் தகட்டில் பட்டால் அது நேரடி ஷார்ட்.

காசிமேடு முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டிய பட்டறைகளில் உப்புக் காற்று தனிப் பிரச்சினை. உப்பும் ஈரமும் எம்டிஎஃப் தூளும் சேர்ந்து சிப்பின் கால்களுக்கு இடையே படிந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் படிவமே மின்சாரம் கடத்தும். ஃபேன் வெளிக்காற்றை நேராக போர்டின் மேல் வீசினால் இது விரைவாக நடக்கும். ஃபில்டர் வைத்த வழியாகக் காற்றை உள்ளே தள்ளுவது நல்லது. புது போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத மெல்லிய பூச்சு) ஸ்பிரே அடிக்கலாம். கனெக்டர், டிப் ஸ்விட்ச், டிரிம்பாட், சிப்பின் முதுகு ஆகியவற்றை டேப்பால் மறைத்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

டெர்மினல் திருகில் துரு வந்து வெறும் 0.1 ஓம் கூடினால் 3 ஆம்பியரில் அங்கே 0.9 வாட் சூடாகக் கரையும். பச்சை பிளாஸ்டிக் பழுப்பாவது அதனால்தான். வயர் முனைக்கு ஈயம் பூசி டெர்மினலில் இறுக்குவதை இங்கே பலர் செய்கிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், சில மாதத்தில் திருகு தளரும். பின் லக் (ஊசி போன்ற உலோக முனை) போட்டு கிரிம்ப் செய்வதே நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வயர் விடுபட்டால் காயிலில் தேங்கிய ஆற்றல் உயர் வோல்ட்டாகப் பாய்ந்து சிப்பைத் துளைக்கும். தளர்ந்த டெர்மினலைப் போலவே டிராக் செயினுக்குள் ஓடும் சாதாரண கேபிளும் இதைச் செய்யும். மடங்கி நிமிர்ந்து உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும், வெளியே உறை முழுசாக இருக்கும். அதே அச்சின் சிப் மட்டும் திரும்பத் திரும்ப எரிகிறதென்றால் புது போர்டு வாங்குவதற்கு முன், மின்சாரத்தை நிறுத்தி, போர்டு முனையில் அந்தக் கேபிளைக் கழற்றி காயிலின் ஓம் அளவை மீட்டரில் பார்த்துக்கொண்டே கேன்ட்ரியை மெதுவாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ளுங்கள். எங்காவது எண் துள்ளினால் அந்த இடத்தில்தான் கேபிள் அறுந்திருக்கிறது. 0.75 சதுர மி.மீ. நான்கு கோர் ஃப்ளெக்சிபிள் ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள்.

நேமா 23 அளவு (நேமா என்பது மோட்டார் முகப்பின் அளவுக் குறியீடு; எண் கூடினால் மோட்டார் பெரிது) மோட்டார், 3 ஆம்பியருக்குள் என்றால் இத்தனையும் கவனித்தால் பல அச்சு போர்டு நன்றாகவே உழைக்கும். நேமா 34 மோட்டாருக்கும், நாள் முழுக்க ஓடும் ஆர்டர் வேலைக்கும் தனித்தனி டிரைவே சரி. ஒன்று போனாலும் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் வாங்கி வந்து மாட்டிவிடலாம்.